நாவலில் வரும் புதுச்சொற்கள்: முன்பே சொல்வதா, நடுவில் சொல்வதா, பிறகு பழக்குவதா?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறுவர் நாவலை வாசித்துக் காட்டத் தொடங்கும் ஆசிரியர் இரண்டாம் நாளே இந்தச் சிக்கலுக்கு வந்துவிடுவார். பக்கத்துக்கு நாலு சொல் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நிறுத்தி நிறுத்திப் பொருள் சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடுகிறது. சொல்லாமல் போனால் பின்வரிசைப் பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். மேலூர்ப் பக்கம் வேலை பார்க்கும் இரண்டு ஆசிரியைகள் போன மாதம் இதையே கேட்டார்கள். மதுரை டவுனில் தினமும் ராத்திரி மகளுக்குக் கதை வாசிக்கிற ஓர் அப்பாவும் கேட்டார். மூன்று பேருக்கும் ஒரே பதில் பொருந்தாது. அதனால் ஒவ்வொரு வழியையும் எடுத்துவைத்துப் பார்க்கிறேன்.

என் பள்ளி மதுரைக்கு வெளியே ஒரு கண்மாய்க்கரைக் கிராமத்தில் இருக்கிறது. இரண்டு ஆசிரியர்கள், ஐந்து வகுப்புகள். நான்கும் ஐந்தும் என் பொறுப்பு, மொத்தம் 22 பிள்ளைகள். போன ஆண்டு நாங்கள் வாசித்தது கடற்கரை ஊரில் நடக்கும் ஒரு சிறுவர் நாவல். கையில் இருந்தது ஒரே பிரதி. முதல் அத்தியாயத்தை முந்தின ராத்திரி படித்துக்கொண்டே, பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பட்ட சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். 27 சொற்கள் தேறின. நங்கூரம், பாய்மரம், துடுப்பு, வாடை, வைகறை, தயங்கினான், ஏளனம், பரிதவித்தாள், புறக்கணித்தான், வினவினான், எய்தினர் என்று போகிறது பட்டியல். அந்த 22 பேரில் கடலை நேரில் பார்த்தவர்கள் மூன்று பேர், அதுவும் ராமேசுவரத்துக்குப் போன இடத்தில்.

## எதை வைத்து அளப்பது

நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன்.

முதலாவது, கதை அறுபடாமல் ஓடுகிறதா என்பது. கதை பிடித்தால்தான் "இன்னும் ஒரு பக்கம் டீச்சர்" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நின்றுபோனால் எத்தனை சொல் சொல்லிக்கொடுத்தும் பலன் இல்லை.

இரண்டாவது, ஒரு வாரம் கழித்து அந்தச் சொல் பிள்ளையின் வாயில் தானாக வருகிறதா என்பது. கேட்டால் பொருள் சொல்வது ஒரு படி. தேவைப்படும் இடத்தில் தானே எடுத்துப் பேசுவது அதற்கு மேல் நாலு படி.

மூன்றாவது நேரம். எனக்குக் கிடைப்பது 40 நிமிடம், அதிலும் பக்கத்து வகுப்பை அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும். நான்காவது, ஆசிரியரின் உழைப்பும் கைக்காசும். ஐந்தாவது, எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்கிறதா என்பது. எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று மூன்றாகப் பிரிக்கிறோமே, அந்த மூன்று நிலைப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். சரளமாக வாசிக்கும் நாலு பேருக்கு மட்டும் உதவும் வழி எனக்கு ஆகாது.

## வழிக்கு முன்னால் சொல்

எல்லாரும் "எப்படிச் சொல்லித் தருவது" என்றுதான் கேட்கிறார்கள். "எந்தச் சொல்லை" என்பதை முதலில் கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தொல்காப்பியத்தின் உரியியலில் தொடக்கத்திலேயே இரண்டு குறிப்புகள் கிடைக்கின்றன. ஒன்று, "பயிலாதவற்றைப் பயின்றவை சார்த்தி" என்பது. பழக்கமில்லாத சொல்லைப் பழகிய சொல்லோடு சேர்த்து விளக்கு என்று அர்த்தம். இன்னொன்று, "வெளிப்படு சொல்லே கிளத்தல் வேண்டா". தானே விளங்கும் சொல்லை விளக்கிக்கொண்டிருக்காதே என்கிறது. ஆசிரியப் பயிற்சியில் இதை எனக்கு யாரும் இந்தக் கண்ணோட்டத்தில் காட்டவில்லை. இப்போது ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இந்த இரண்டையும்தான் முதலில் நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் மூவரும் 2002இல் வெளியிட்ட கையேட்டில் சொற்களை மூன்று அடுக்காகப் பிரித்தார்கள். தினமும் காதில் விழும் சொற்கள் முதல் அடுக்கு. எந்தப் புத்தகத்திலும் எந்தப் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரக்கூடிய, ஆனால் வீட்டில் அதிகம் புழங்காத சொற்கள் இரண்டாம் அடுக்கு. ஒரு துறைக்கு மட்டும் உரியவை மூன்றாம் அடுக்கு. உழைப்பை இரண்டாம் அடுக்கில் போடுங்கள் என்பது அவர்கள் சொன்னது.

தமிழில் இதோடு இன்னொரு குவியலும் சேரும். வினவினான், உரைத்தான், எய்தினர் போன்றவை எழுத்து நடைக்கு மட்டும் உரியவை. பொருள் பிள்ளைக்குத் தெரியும், அந்தப் பெயர்தான் புதிது. "கேட்டான்" தெரிந்த பிள்ளைக்கு "வினவினான்" புதுக் கருத்து இல்லை, புதுச் சட்டை.

என் 27 சொற்களை இப்படிப் பிரித்தபோது கடல் சம்பந்தப்பட்டவை 9, எழுத்து நடைச் சொற்கள் 8, வாழ்நாள் முழுக்க உதவக்கூடியவை 6. மிச்சம் 4 சொற்கள் தெரியாவிட்டாலும் கதை புரியும், விட்டுவிட்டேன். தயங்கு, ஏளனம், பரிதவி, புறக்கணி ஆகியவை அந்த ஆறில் இருந்தன. முதல் ஆண்டுகளில் நான் நேர்மாறாகச் செய்துகொண்டிருந்தேன். நங்கூரத்துக்குப் படம் வரைந்து சார்ட் ஒட்டுவேன், "தயங்கினான்" என்பதை ஒரு வரியில் தாண்டிப் போவேன். நங்கூரம் அந்தப் பிள்ளைக்கு அடுத்து எப்போது தேவைப்படுமோ தெரியாது. தயக்கம் நாளைக் காலையிலேயே தேவைப்படும்.

இனி வழிகள்.

## 1. வாசிக்கும் முன்பே சொல்லிவிடுவது

பாடப்புத்தகத்தில் பழகிய முறை. கரும்பலகையில் பத்துச் சொல், எதிரே பொருள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பிறகு பாடம். இதற்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளிக் காலத்தில் நிகண்டு என்ற சொற்பொருள் நூலை மனப்பாடம் செய்துவிட்டுத்தான் இலக்கியத்துக்குள் போவார்கள். செய்யுளாக இருந்ததால் அது மனதில் நின்றது. நம் கரும்பலகைப் பட்டியலுக்கு அந்த ஓசை கிடையாது.

இதன் பலம், கதை ஆரம்பித்த பிறகு நிறுத்த வேண்டியதில்லை என்பது. மெதுவாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு பிடி கிடைக்கும். சொல் தெரியாவிட்டால் காட்சியே புரியாது என்ற இடத்தில் இதைவிட நல்ல வழி இல்லை. நங்கூரம் அப்படிப்பட்டது. "மாட்டுக்கு முளைக்குச்சி எப்படியோ, படகுக்கு அப்படி நங்கூரம்" என்றேன். ஒரே வரி, அத்தனை பேருக்கும் பிடிபட்டது. முளைக்குச்சி அடித்து மாடு கட்டிய பிள்ளைகள் அவர்கள்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, கதையின் முடிச்சு முன்கூட்டியே அவிழ்ந்துவிடும். ஒரு முறை "கரைதட்டுதல்" என்று போர்டில் எழுதிப் பொருளையும் சொன்னேன். முன்வரிசைப் பையன் உடனே, "அப்ப படகு மண்ணுல மாட்டிக்கிருமா டீச்சர்?" என்றான். அத்தியாயத்தின் கடைசிப் பக்கம் அங்கேயே முடிந்துபோனது. இன்னொன்று, பத்துச் சொல்லை மொத்தமாகக் கேட்ட பிள்ளை ஏழாம் பக்கத்தில் அந்தச் சொல் வரும்போது அதை மறந்திருக்கும். சொல்லும் பொருளும் பக்கத்தில் பக்கத்தில் வராவிட்டால் ஒட்டுவதில்லை.

அதனால் முன்பே சொல்வதென்றால் இரண்டு, மிஞ்சினால் மூன்று சொல். காட்சி நிற்பதற்குத் தேவையான பொருள்களின் பெயர்கள் மட்டும். உணர்ச்சியைக் குறிக்கும் சொற்களை முன்பே சொல்லிப் பயனில்லை, அவை கதையின் சூட்டில்தான் புரியும்.

## 2. வாசிக்கும்போதே போகிற போக்கில் சொல்வது

குரலை நிறுத்தாமல், சொல்லுக்குப் பக்கத்திலேயே அதன் பேச்சு வடிவத்தைச் செருகிவிடுவது. "அவள் பரிதவித்தாள், பதறிப்போயிட்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவேன். ஐந்து நொடி ஆகும். கையைத் தூக்கச் சொல்வதில்லை, போர்டுக்குத் திரும்புவதில்லை.

எழுத்து நடைச் சொற்களுக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. வினவினான் என்றால் கேட்டான், உரைத்தான் என்றால் சொன்னான். மதுரைப் பேச்சு இதற்குக் கைகொடுக்கிறது. நம் பிள்ளைகள் "வெரசா வா" என்கிறார்களே, அதற்குள் "விரை" இருக்கிறது. "விரைந்தான்" என்று நாவலில் வந்ததும் "வெரசாப் போனான்" என்று சொன்னால் போதும். வீட்டுப் பேச்சு ஏதோ தப்பான தமிழ் என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு, அதுவும் புத்தகத்துச் சொல்லும் சொந்தக்காரர்கள் என்று தெரியும்போது முகம் மலர்கிறது. எனக்கு அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழி மிகவும் பிடிக்கும்.

வைகறை வந்த நாளை மறக்க மாட்டேன். "விடியுறதுக்கு முன்னாடி" என்று செருகிவிட்டு நகரப் பார்த்தேன். ஒரு சிறுமி தானாகவே, "நாங்க பூவெடுக்கப் போற நேரம்" என்றாள். அவள் வீட்டில் மல்லிகைத் தோட்டம். வெயில் ஏறுவதற்குள் மொட்டைப் பறித்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்ப வேண்டும் என்பதால் அம்மாவோடு அவளும் வெள்ளனத்தில் எழுந்து போகிறவள். அன்றைக்கு நான் கொடுத்த பொருளைவிட அவள் கொடுத்த பொருள்தான் வகுப்பில் நின்றது.

ஆனால் எல்லாச் சொல்லும் இப்படி நிற்காது. மறுநாள் கேட்டால் பெரும்பாலும் போயிருக்கும். அப்புறம், பேச்சுச் சொல் எப்போதும் சரியான அளவில் பொருந்துவதில்லை. ஏளனம் என்றால் நக்கல் என்று சொல்லிவைத்தேன். நம் ஊரில் நக்கல் கூட்டாளிகளுக்குள் செல்லமாகவும் நடக்கும். ஏளனத்தில் செல்லம் இல்லை, எதிரே இருப்பவனைச் சின்னவனாக்கும் வேலை மட்டுமே இருக்கிறது. அந்த வித்தியாசத்தை ஐந்து நொடியில் சொல்ல முடியாது. இந்த மாதிரிச் சொல்லை ஓரத்தில் குறித்துவைத்து, பின்னால் சொல்லப்போகும் ஐந்தாம் வழிக்குத் தள்ளிவிட வேண்டும்.

## 3. பிள்ளைகளையே ஊகிக்க விடுவது

"முன்னால் என்ன வருது, பின்னால் என்ன வருது, பார்த்துச் சொல்லுங்க." பயிற்சிக் கூட்டங்களில் அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இதுதான். பிள்ளை தானே சிந்திக்கிறது, செலவு இல்லை, பிற்காலத்தில் தனியாக வாசிக்கும்போதும் உதவும். எல்லாம் உண்மை. ஆனாலும் இதை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு எனக்கு ஒரு வரி போதும்.

நாவலில் இப்படி வந்தது: வாடை வீசத் தொடங்கியதும் மீனவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு கரைக்குத் திரும்பினார்கள். ஊகிக்கச் சொன்னேன். மூக்கைப் பொத்திக்கொண்டு ஒருவன், "மீன் நாத்தம் டீச்சர், தாங்க முடியாமத் திரும்பிட்டாங்க" என்றான். வகுப்பே ஆமோதித்தது. யோசித்துப் பார்த்தால் அவர்கள் மேல் ஒரு தவறும் இல்லை. நம் ஊரில் வாடை என்றால் வாசம், அதுவும் கெட்ட வாசம். "வீசத் தொடங்கியது" என்பது அதற்கும் பொருந்துகிறது. மீனவர், வலை என்று பக்கத்தில் நிற்கும் சொற்களெல்லாம் அந்தப் பக்கமே இழுக்கின்றன. பிள்ளைகள் சூழலை ஒழுங்காகத்தான் படித்தார்கள். அந்தச் சூழல் அவர்களை வழிதவற வைத்தது.

1983இல் பெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஒரு கதையில் சொல்லைச் சுற்றியிருக்கும் வரிகள் நாலு விதமாக இருக்கலாம்: பொருளைக் காட்டிக்கொடுப்பவை, ஓரளவு திசை காட்டுபவை, ஒன்றும் சொல்லாதவை, தவறான பக்கம் தள்ளிவிடுபவை. எழுத்தாளர் கதை சொல்ல எழுதுகிறார், சொல் கற்பிக்க எழுதவில்லை. அதனால் நாலும் கலந்துதான் வரும். சாதாரணமாக வாசித்துப் போகும்போது பிள்ளைகள் தெரியாத சொற்களில் எத்தனையைத் தாமாகக் கற்கிறார்கள் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 1999இல் ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் இருவரும் கணக்கிட்டார்கள். சராசரியாகச் சுமார் 15 சதவீதம். நூறு தெரியாத சொற்களில் பதினைந்து. நிறைய வாசிக்கும் பிள்ளைக்கு இந்தப் பதினைந்து சேர்ந்து சேர்ந்து பெரிய சொத்தாகும். ஆண்டுக்கு ஒரு நாவல் கேட்கும் பிள்ளைக்கு ஆகாது.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. தவறாக ஊகித்ததைச் சத்தமாகச் சொன்னால் அது வகுப்பில் ஒட்டிக்கொள்ளும். சரியான பொருளைச் சொன்ன பிறகும் இரண்டு வாரம் வரை வாடை என்றதும் மூக்கைப் பொத்தினார்கள். அதைச் சரி செய்ய நான்கு காற்றையும் ஒன்றாக எடுத்தேன். பள்ளி வாசலில் நிற்கவைத்து வடக்கைக் காட்டி வாடை, தெற்கே தென்றல், கிழக்கே கொண்டல், மேற்கே கோடை என்று ஒவ்வொரு பக்கமும் திரும்பச் சொன்னேன். வாடைக்குள் வடக்கும் தென்றலுக்குள் தெற்கும் ஒளிந்திருப்பதை ஒரு பெண்பிள்ளை தானே கண்டுபிடித்துச் சொன்னாள். அதன் பிறகுதான் மூக்கிலிருந்து கை இறங்கியது.

முந்தின நாளே வரியைப் படித்துப் பார்த்து, இது பொருளைக் காட்டிக்கொடுக்கும் வரி என்று உறுதியானால் மட்டும் ஊகிக்க விடுங்கள். "துடுப்பை வலித்து வலித்து அவன் தோள் வலித்தது, படகு மெல்ல நகர்ந்தது" என்பது நல்ல வரி. யாருக்கும் தப்பாது.

## 4. அகராதியில் தேடச் சொல்வது

இதில் அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தமிழில் அகர வரிசைப்படி சொல் தேடும் பழக்கத்துக்கு 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி வழி போட்டது. அதற்கு முன் நிகண்டுதான். தேடத் தெரிவது பெரிய திறமை, ஐந்தாம் வகுப்பில் கட்டாயம் பழக்க வேண்டும். ஆனால் சொல்லின் பொருளைப் புரியவைக்கும் முதல் வழியாக இதை வைக்காதீர்கள்.

கையடக்க அகராதியில் ஒரு சொல்லுக்கு எதிரே இன்னொரு சொல் இருக்கும், அவ்வளவுதான். "எய்து" என்பதைத் தேடச் சொல்லி, வாக்கியம் எழுதச் சொன்னேன். அகராதியில் "அடை" என்று இருந்தது. ஒருவன் நோட்டில் எழுதியிருந்தான்: "அம்மா காலையில் எய்து சுட்டார்கள்." தேடியது சரி, படித்தது சரி, எழுதியதும் இலக்கணப்படி சரி. அவனுக்குத் தெரிந்த அடை தோசைக்கல்லில் இருந்தது.

'எய்தினர்' என்று நாவலில் இருப்பதை அகராதியில் 'எய்து' என்று தேட வேண்டும் என்பதே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சொல்லின் வால்களை வெட்டி வேரைக் கண்டுபிடிக்க ஒரு பாடவேளை போய்விடும். அரும்பு நிலைப் பிள்ளைகள் அந்த நேரம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

1992இல் முதல் பதிப்பு வந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் தருகிறது. அது ஆசிரியரின் மேசையில் இருந்தால் நல்லது. பிள்ளைகளுக்குச் சொல்லப்போகும் விளக்கத்தை முந்தின ராத்திரி தயாரிக்க எனக்கு அதுதான் துணை.

## 5. வாசித்த பிறகு, சில சொற்களை மட்டும் பழக்குவது

அத்தியாயம் முடிந்ததும் நாலே நாலு சொல்லை எடுத்துக்கொண்டு, அந்த வரிக்குத் திரும்பிப் போய், பிறகு அந்தச் சொல்லைக் கதையை விட்டு வெளியே கூட்டிவருவது. இதுதான் உழைப்பு அதிகம் கேட்கும் வழி, பலனும் இதில்தான் அதிகம்.

"தயங்கினான்" என்பதை எடுத்த நாள் நடந்ததைச் சொல்கிறேன். முதலில் வரியை மறுபடி வாசித்தேன்: படகில் ஏறக் காலைத் தூக்கியவன் ஒரு கணம் தயங்கினான். பையன் ஏறினானா, இல்லையா? ஏறத்தான் நினைத்தான், ஆனால் ஏதோ தடுத்தது. அதுதான் தயக்கம் என்றேன். பிறகு கேள்விகள். இருட்டில் தனியாகக் கடைக்குப் போகச் சொன்னால் தயங்குவாயா? ஐஸ் வாங்கித் தருகிறேன் என்றால் தயங்குவாயா? தப்புப் பண்ணிவிட்டு அம்மாவிடம் சொல்ல? கைகள் மேலும் கீழும் போயின. அப்புறம், "நீங்க பார்த்த தயக்கத்தைச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில், வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்தான். "பாலமேட்டுல பார்த்தேன் டீச்சர். வாடிவாசல்ல மாடு தலையை மட்டும் வெளிய நீட்டிப் பார்க்கும். கூட்டத்தைப் பார்த்துட்டு அப்படியே நிக்கும். வரவும் வராது, போகவும் போகாது." அவன் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பவன். அன்று அவன் சொன்னதைவிட நல்ல விளக்கம் எந்த அகராதியிலும் கிடையாது. அந்தக் காளையைப் படமாக வரைந்து, கீழே "தயங்குகிறது" என்று எழுதச் சொல்லி அவனையே சுவரில் ஒட்டவைத்தேன்.

இங்கேயே நிறுத்தினால் பலன் பாதிதான். 1985இல் மெக்கியோனும் பெக்கும் மற்ற இருவரும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒன்றைச் சோதித்தார்கள். சில சொற்களை 4 முறையும் சில சொற்களை 12 முறையும் வெவ்வேறு விதமாகச் சந்திக்க வைத்தார்கள். நாலு முறை சந்தித்த சொல்லின் பொருள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அந்தச் சொல் வரும் புதுக் கதையைப் புரிந்துகொள்ள நிச்சயமாக உதவியது 12 முறை சந்தித்ததுதான்.

பன்னிரண்டு என்றதும் மலைக்க வேண்டாம். பாடவேளை வைத்துச் செய்வதில்லை. காலை வணக்கக் கூட்டத்துக்கு வரிசை கட்டும்போது "ஏன்டா தயங்குற, முன்னாடி வா" என்பேன். சத்துணவுக்குக் கை கழுவப் போகும்போது ஒரு முறை. சிறுவாக்கியம் எழுதும்போது ஒரு முறை. கிழித்த தினசரி காலண்டர்த் தாளின் பின்பக்கம் சொல் அட்டையாகிறது, பைசா செலவில்லை. மறுநாள் ஒரு முறை, மூன்றாம் நாள் ஒரு முறை, அடுத்த திங்கட்கிழமை ஒரு முறை அந்தத் தாள்களைக் கலைத்துப் போட்டு எடுக்கச் சொல்வேன். எடுத்தவர் சொல்லை வாயால் சொல்லாமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும்.

மறைந்திருக்கும் செலவுகள்: ஒரு அத்தியாயத்துக்குக் குறைந்தது 15 நிமிடம் போகும். நாலு சொல்லுக்கு மேல் எடுக்க முடியாது. எந்த நாலு என்று முந்தின நாளே முடிவு செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் வகுப்பில் திண்டாட்டம்தான். ஆசிரியரே அந்தச் சொற்களை வாரம் முழுக்க நினைவு வைத்திருந்து பேச வேண்டும், இதுதான் உண்மையில் கடினம். நான் என் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வேன். இதை "வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்று வீட்டுப்பாடமாக்கினால் எல்லாம் பாழ். "நான் ஏளனத்தைப் பார்த்தேன்" என்று 22 நோட்டிலும் ஒரே மாதிரி வந்து நிற்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | நேரம் | கதை ஓட்டம் | வாரம் கழித்து நினைவு | உழைப்பு | ஏற்ற சொல் |
|---|---|---|---|---|---|
| முன்பே சொல்வது | 5 நிமிடம் | ஓடும், முடிச்சு அவிழலாம் | சுமார் | குறைவு | நங்கூரம், பாய்மரம் |
| போகிற போக்கில் | சொல்லுக்கு 5 நொடி | நன்றாக ஓடும் | குறைவு | முந்தின நாள் தயாரிப்பு | வினவினான், விரைந்தான் |
| ஊகிக்க விடுவது | 1-2 நிமிடம் | லேசாகத் தடைபடும் | வரியைப் பொறுத்தது | வரியைச் சோதிக்க வேண்டும் | துடுப்பு |
| அகராதி | சொல்லுக்கு 5-10 நிமிடம் | நின்றுவிடும் | குறைவு | பிரதிகள் வேண்டும் | ஏற்கெனவே பழகிய சொல்லை உறுதிசெய்ய |
| பிறகு பழக்குவது | 15 நிமிடம், பிறகு வாரம் முழுக்க அவ்வப்போது | பாதிக்காது | அதிகம் | அதிகம் | தயங்கு, ஏளனம், புறக்கணி |

நேரக் கணக்கு என் வகுப்பில் ஆனது. உங்கள் வகுப்பில் கூடக் குறைய இருக்கும்.

## யாருக்கு எது

வாரத்துக்கு இரண்டு பாடவேளைதான் கிடைக்கிறது, 40 பிள்ளைகள் என்றால் இரண்டாம் வழியும் ஐந்தாம் வழியும் போதும். மற்றதை விடுங்கள். போகிற போக்கில் பத்துச் சொல், பழக்குவதற்கு இரண்டே சொல். மேலூர் ஆசிரியைகளுக்கு நான் சொன்னது இதுதான்.

ஆளுக்கொரு பிரதி கையில் இருந்து, பிள்ளைகள் தாமாக வாசிக்கிறார்கள் என்றால் மூன்றாம் வழிக்கு மதிப்பு கூடும். அவரவர் ஊகத்தை வாயால் சொல்லாமல் பென்சிலால் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். தவறான ஊகம் வகுப்பு முழுக்கப் பரவாது. சொந்தப் பிரதி வாங்க முடியாதவர்களுக்கு மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை கூட்டிப்போனாலே தாமாக வாசிக்கும் பழக்கத்துக்கு ஒரு தொடக்கம் கிடைக்கும்.

தேர்வுக்காக என்று தலைமையாசிரியர் பொருள் எழுதிய நோட்டைக் கேட்டால், அதை அத்தியாயம் முடிந்த பிறகு எழுதவையுங்கள். பழகிய நாலு சொல்லுக்குப் பிள்ளைகளே தங்கள் சொந்தப் பொருளைச் சொல்வார்கள், நீங்கள் போர்டில் திருத்தி எழுதினால் போதும். முதல் நாளே எழுதவைத்த நோட்டுக்கும் இதற்கும் வித்தியாசத்தை அவரே பார்ப்பார்.

வீட்டில் வாசித்துக்காட்டும் அப்பாவுக்கு அகராதியும் வேண்டாம், முன்பே சொல்வதும் வேண்டாம். மகள் மடியில் இருக்கும்போது போகிற போக்கில் சொல்லுங்கள், மறுநாள் பஸ் ஸ்டாப்பில் அந்தச் சொல்லை ஒரு முறை உங்கள் பேச்சில் விடுங்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு சொல்.

வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் கணக்கு மாறும். மதுரை டவுனில் சௌராஷ்டிரம் பேசும் வீடுகள் ஏராளம். கட்டட வேலைக்கு வந்த வடக்கத்திக் குடும்பங்களின் பிள்ளைகளும் இப்போது நம் பள்ளிகளில் சேர்கிறார்கள். மதுரைப் பேச்சுச் சொல்லைச் செருகும் இரண்டாம் வழி அவர்களுக்குப் பாதிதான் எட்டும், ஏனென்றால் செருகும் சொல்லும் அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம். அவர்களுக்கு முன்பே படத்தோடு சொல்வதும், பிறகு நடித்துப் பழக்குவதும்தான் உதவும். என் வகுப்பில் இந்தி பேசும் வீட்டிலிருந்து வந்த பையன் ஒருவன் இருந்தான். காலண்டர்த் தாள் விளையாட்டில் அவனுக்கு "புறக்கணி" வந்தது. நண்பன் தோளைத் தட்டிக் கூப்பிடுவதைக் கேட்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசல் வரை நடந்தான். பாயில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொல்லைக் கத்தினார்கள். திரும்பி வந்தவன் அதைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.